தகரப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: வரலாற்று நூல்களையும் ஆவணப்படங்களையும் தேடிப் பிடிக்க ஒரு மலையக வழிகாட்டி

ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பையன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தான். "சேர், வாசிக்க நல்ல வரலாற்றுப் புத்தகம் ஒன்னு குடுங்க" என்று வந்தான். அலமாரியில் இருந்த தடித்த நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தான். "நல்லாத்தான் சேர் இருக்கு" என்றான். ஒருவர் "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தால் அவர் இருபதாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பிழை என்னுடையது. அவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

பிறகு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பாயி துணியில் சுற்றி வைத்திருக்கும் ஒரு கடதாசியைப் பற்றிச் சொன்னான். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். "தாத்தா பிறந்ததே இங்கதானே சேர், பிறகு எதுக்கு அவருக்குச் சான்றிதழ்?" இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் வாசித்தான். முதலில் திருப்பிக் கொடுத்த அதே தடித்த நூலையும் மறுபடி கேட்டு வாங்கிப் போனான்.

வரலாறு பிடிக்கும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு இது உதவாது.

கேள்வி ஒன்று வேண்டும்

"உலக வரலாறு வாசிக்க வேண்டும்" என்பது கேள்வி இல்லை, ஆசை. ஆசையோடு புத்தகக் கடைக்குப் போனால் அட்டை அழகாக இருப்பதை வாங்கிவிட்டு வருவோம். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், உங்கள் கைக்கு எட்டுகிற பொருள் ஒன்றிலிருந்து கிளம்ப வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். லயத்துக் காம்பரா, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டு அறை, ஏன் அந்த அளவில் இருக்கிறது? காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதைப் "பெரட்டு" என்கிறோமே, அது எங்கிருந்து வந்த சொல்? ரயில் ஏன் நுவரெலியா டவுனுக்குள் போகாமல் நானுஓயாவோடு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது? இங்கே கோப்பி என்கிறோம், தமிழ்நாட்டில் காபி என்கிறார்கள். அவர்கள் எப்போதிலிருந்து அதைக் குடிக்கிறார்கள்? எந்தக் கேள்வியாக இருந்தாலும் சரி. அதை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், திகதியும் போடுங்கள்.

அந்தப் பையனின் கேள்வி எப்படி விரிந்தது என்று சொல்கிறேன். சான்றிதழில் ஒரு சட்டத்தின் பெயர் இருந்தது: 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததாக நிரூபித்தால்தான் பிரஜை. சரி, அப்படியொரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? அதற்கு முந்திய வருடம், சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே, 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை வெளியே தள்ளிவிட்டது. அங்கிருந்து 1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, நாடற்ற 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் இந்திரா காந்தியோடு பேசி அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி விட்ட சட்டம் வந்தது 2003இல். ஒரு கடதாசியைப் பிடித்து இழுத்தால் இரண்டு நாடுகளின் அரை நூற்றாண்டு கூடவே வருகிறது. இதைப் பாடப் புத்தகமாக நீட்டியிருந்தால் அவன் ஓடியிருப்பான்.

தேடும் சொல்லைத் தேடுங்கள்

கேள்வி கிடைத்ததும் எல்லாரும் போனை எடுத்துத் தட்டுவார்கள். இரண்டு நிமிடத்தில் "ஒன்னும் இல்ல" என்பார்கள். இருக்கிறது. நீங்கள் இன்றைய சொல்லைத் தட்டுகிறீர்கள், நூல் அன்றைய சொல்லில் இருக்கிறது.

மலையகத் தமிழர் என்ற பெயர் பரவலானது பிற்காலத்தில்தான். பழைய ஆவணங்களில் இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளியினர், தோட்டத் தொழிலாளர் என்று தேட வேண்டும். வெள்ளைக்காரர் எழுதியவற்றில் "கூலி" என்றுதான் இருக்கும். அந்தச் சொல்லைத் தட்ட எனக்கு விரல் கூசும். ஆனால் அதைத் தட்டாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் நுழைய முடியாது. குடியுரிமை என்று தேடினால் தமிழ்நாட்டு எழுத்து வரும், பிரஜாவுரிமை என்று தேடினால் நம்முடையது வரும். கோப்பி, காப்பி, காபி மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஆள் பெயர்களும் அப்படித்தான். நடேசய்யர், நடேசையர், நடேச ஐயர் என்று ஒரே தொழிற்சங்கத் தலைவரை மூன்று விதமாகப் பதிவு செய்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் தேடுவதானால் ஸ்ரீலங்கா என்பதை மறந்துவிட்டு சிலோன் என்று போடுங்கள், ஏனென்றால் 1972 வரை நாட்டின் பெயர் அதுதான். நுவரெலியாவைப் பழைய வெள்ளைக்காரத் துரைமார் இன்று நாம் எழுதுவது போல எழுதவில்லை. என், இ, டபிள்யூ என்று தொடங்கும் எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். 1850களின் பயண நூல்கள் அப்படித்தான் அகப்படும். தோட்டப் பெயர்கள் தனித் தலைவலி. பதிவேட்டில் ஸ்கொட்லாந்துப் பெயர் இருக்கும், நம்மவர் வாயில் முழுக்க வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே மலையா என்று உறுதி செய்ய பெருசுகள் யாரையாவது கேட்பதுதான் வேகமான வழி.

எங்கே கிடைக்கும்

முதலில் காசில்லாத வழி. நூலகம் என்ற பெயரிலேயே ஓர் இணைய நூலகம் 2005 முதல் இயங்கி வருகிறது. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், விழா மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று ஆயிரக்கணக்கில் வருடி ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் இலவசம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தளத்தின் அருமை புரியும். மலையகத்தில் முன்னூறு, ஐந்நூறு பிரதி அடித்து வெளியீட்டு விழாவோடு மறைந்துபோன நூல்கள் பலவற்றை நான் அங்கேதான் வாசித்தேன். கோப்புகள் பெரியவை, மலைப்பக்கச் சிக்னலில் பக்கம் பக்கமாகத் திறந்தால் பொறுமை போய்விடும். டவுனில் நல்ல இணைப்புக் கிடைக்கும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் சகோதரத் தளமான ஆவணகத்தில் ஒலிப்பதிவுகள், படங்கள், காணொளிகள் இருக்கின்றன. விழா மலர்களை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு கோயில் கும்பாபிஷேக மலரில் அந்தத் தோட்டத்தின் கங்காணிகள் பரம்பரையே கிடக்கும்.

தமிழ்நாட்டு நூல்களுக்கு அங்குள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் காப்புரிமை முடிந்த பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். 17ஆம் நூற்றாண்டில் கண்டி ராச்சியத்தில் 19 வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் உட்பட பலவற்றை அங்கே இலவசமாக வாசிக்கலாம்.

காசு கொடுத்து வாங்குவதானால், தமிழ்நாட்டில் அச்சாகும் நூல் கடல் தாண்டி வரும்போது விலை நெஞ்சை அடைக்கும். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்குவோம். கொழும்புக்கு யாராவது போனால் செட்டியார் தெருப் பூபாலசிங்கம் புத்தகசாலையை ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்வோம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு ஒரு பட்டியலோடு போவோம். பட்டியல் இல்லாமல் போனால் சமையல் புத்தகத்தோடுதான் திரும்புவீர்கள். என் மனைவி சாட்சி. மலையக எழுத்தாளர்களின் நூல்களை வெளியீட்டு விழாவிலேயே வாங்கிவிடுங்கள், அடுத்த மாதம் கடையில் தேடினால் கிடைக்காது.

டவுன் நூலகத்தில் வரலாற்றுத் தட்டில் மட்டும் நிற்காதீர்கள். வாழ்க்கை வரலாறு, பயணம், நாட்டார் பாடல், தொழிற்சங்கம் என்று பிரித்து வைத்த தட்டுகளில்தான் நல்ல வரலாறு ஒளிந்துகொண்டிருக்கும்.

பத்து நிமிடச் சோதனை

ஒரு நூல் கையில் கிடைத்தால் அதைக் கொண்டுபோகலாமா, வைத்துவிட்டுப் போகலாமா என்று நின்ற இடத்திலேயே தீர்மானிக்கலாம். நான் செய்வது இதுதான்.

முன்னுரையை விட்டுவிட்டு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பேன். அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறாரா? பெயரோடு, ஒரு இடத்தில், ஏதாவது செய்துகொண்டு? "மக்கள் பெரும் இன்னல்களுக்கு ஆளாயினர்" என்றே பக்கம் முழுக்கப் போனால் வைத்துவிடுவேன். எந்த மக்கள், என்ன இன்னல், எந்த மழைக்காலத்தில் என்று சொல்லத் தெரியாதவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, இவருக்கு இது எப்படித் தெரியும் என்று பார்ப்பேன். அடிக்குறிப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் கதைக்குள்ளேயே "துரையின் கடிதத்தில் இப்படி இருக்கிறது", "செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) இந்தப் பெயர் இல்லை" என்று எங்காவது சொல்ல வேண்டும். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துவந்த வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு நூல் தொகை மாறும். பெரிய தொகை போட்டவரை நம்பாதீர்கள், சின்னத் தொகை போட்டவரையும் நம்பாதீர்கள். கணக்கை விளக்கியவரை நம்புங்கள். வந்தவரிலிருந்து திரும்பியவரைக் கழித்தாரா? கழித்தால், பதிவில்லாமல் திரும்பியவர் எங்கே போனார்? இங்கேயே தங்கிவிட்டவர்? இந்தக் கேள்விகளைத் தானே எழுப்பிக்கொள்ளும் ஆசிரியரோடு எத்தனை நூறு பக்கமும் போகலாம்.

கடைசியாக, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அந்த நூலில் தேடிப் பார்ப்பேன். தேயிலைக்கு என்னுடைய உரைகல் இது. எல்லாரும் சொல்லும் கதை: கோப்பிக்கு இலை நோய் வந்தது, கோப்பி செத்தது, உடனே ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை நட்டுக் காப்பாற்றினார். இப்போது வருடங்களை வரிசையாக அடுக்குங்கள். டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867. இலை நோய் இங்கே கண்ணில் பட்டது 1869. நோய்க்கு முன்னாலேயே மருந்து வந்துவிட்டது! அதோடு நோய் வந்ததும் கோப்பி செத்துவிடவும் இல்லை. விலை நன்றாக இருந்ததால் 1870களின் இறுதிவரை துரைமார் புதிது புதிதாகக் காடு வெட்டிக் கோப்பிதான் போட்டார்கள். அடி விழுந்தது 1880களில். டெய்லர்தான் முதலில் தேயிலையைக் கொண்டுவந்தார் என்பதும் முழுக்கச் சரியில்லை. பேராதனைப் பூங்காவில் 1824லேயே தேயிலைச் செடி இருந்தது. அவர் செய்தது வியாபாரத்துக்காக முறையாகப் பயிரிட்டது. ஒரு நூல் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறது என்று பார்த்தால் போதும், மிச்சத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கும் இப்படி ஒரு உரைகல் இருக்கும். தச்சருக்கு மரம், தாதிக்கு அம்மை, சாரதிக்கு வீதி. நமக்கு வரலாறு தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறோம். நம் தொழிலைப் பற்றி ஆசிரியர் எழுதிய ஒரு பத்தியை வைத்து அவரையே எடை போடலாம்.

முதல் தட்டு

பட்டியல் கேட்பவர்களிடம் பட்டியல் கொடுக்க மாட்டேன் என்று இவ்வளவு நேரம் இழுத்தேன். சரி, ஒரு சில.

ஒன்றுமே வாசித்துப் பழக்கமில்லாதவருக்கு தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. மெல்லிய நூல், சின்னச் சின்னக் கட்டுரைகள். உப்பு, எண்ணெய் போன்ற அன்றாடப் பொருள்களை வைத்துக்கொண்டே வரலாறு பேசுவார். பஸ்ஸில் ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி போவதற்குள் இரண்டு கட்டுரை முடியும். அதற்குப் பிறகு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. நம் முன்னோர் இங்கே காட்டை வெட்டி வளர்த்த கோப்பி வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவர்கள் விட்டுவந்த தமிழ்நாட்டில் காப்பி குடிப்பதே ஒரு புதுமையாக, சர்ச்சையாக, சாதி அடையாளமாக மாறியது எப்படி என்று அந்தத் தலைப்புக் கட்டுரை சொல்கிறது. மலையகத்தில் உட்கார்ந்து அதை வாசிக்கும்போது வரும் புன்னகை சென்னையில் வாசிப்பவருக்கு வராது.

நம் கதைக்கு சி. வி. வேலுப்பிள்ளையிடமிருந்து தொடங்கலாம். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், அடுத்த வருடமே தன் மக்கள் பிரஜாவுரிமை இழப்பதைக் கண்ணால் பார்த்தவர். அவருடைய 'நாடற்றவர் கதை' அந்தத் தகரப் பெட்டிக் கேள்விக்கு நேரான நூல். அவர் தொகுத்த தோட்டத்துப் பாடல்கள் 'மாமன் மகனே' என்ற பெயரில் வந்தன. பாட்டு எப்படி ஆவணமாகிறது என்று அதில் பார்க்கலாம். சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' ஒரு வாழ்க்கை வரலாறு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பத்திரிகை நடத்தி, சங்கம் கட்டி, தோட்டத்துக்குள் நுழையத் தடை இருந்த காலத்தில் எப்படியெல்லாமோ நுழைந்த கதை. மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுக் கட்டிப் பாடினார். நாவல் வாசிப்பவர்களுக்கும் இது பிடிக்கும்.

மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முதல் நூலாகக் கொடுக்க மாட்டேன், மூன்றாவதாகக் கொடுப்பேன். துரைமார் தொழிலாளரை ஏவுவதற்காகத் தமிழ் படிக்க எழுதப்பட்ட பாடநூல்களை அவர் கிளறுகிறார். ஒரு மொழிப் பாடத்தில் எந்த வினைச்சொற்கள் இருக்கின்றன, எவை இல்லை என்பதை வைத்தே ஒரு தோட்டத்தின் ஆட்சியைக் காட்டிவிடலாம் என்பது அதை வாசிக்கும் வரை எனக்குத் தோன்றியதே இல்லை. 1869இல் அச்சான 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பற்றியும் அதில் இருக்கிறது. ஆங்கிலம் வரும் என்றால் டொனவன் மோல்ட்ரிச்சின் 'பிட்டர் பெரி பாண்டேஜ்', கோப்பித் தொழிலாளர் பற்றி. குமாரி ஜயவர்தனவின் நூல்கள் நிதானமாக வாசிக்க வேண்டியவை. ஆனால் அவர் வாக்கியம் எப்போதும் தெளிவு.

உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு நேரு சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் நல்ல வாசல், தமிழிலும் உண்டு. கடிதம் என்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம். ஹராரியின் 'சேப்பியன்ஸ்' தமிழில் வந்து நன்றாக ஓடுகிறது. வேகமாகப் போகும், யோசிக்க வைக்கும். ஆனால் அதில் பெரிய தீர்ப்புகள் மளமளவென்று விழும். மேலே சொன்ன "எப்படித் தெரியும்" சோதனையைக் கையோடு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு நூல் பிடிக்கவில்லை என்றால் ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிடலாம், பாவம் இல்லை. பிடித்திருந்தால் கடைசிப் பக்கங்களுக்குப் போய் அவர் எந்த நூல்களைப் பார்த்தார் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த நூல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கதை ஒரு வாசல்தான்

நாவலிலிருந்து வரலாற்றுக்கு வருபவர்களே அதிகம். 'பொன்னியின் செல்வன்' வாசித்துவிட்டு சோழரைத் தேடுபவரை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நாவலில் வரும் எவர் கல்வெட்டில் இருக்கிறார், எவர் கற்பனை என்று பிரித்துப் பார்ப்பதையே அடுத்த வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே ஒரு விளையாட்டு.

'பரதேசி' படம் வந்தபோது இங்கே பலர் "நம்ம கதை" என்று அழுதார்கள். அந்தப் படத்துக்கு அடிப்படையான 'ரெட் டீ' நாவல், தமிழில் 'எரியும் பனிக்காடு', ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியது. அழுதது தவறில்லை, ஆள் கட்டிக் கொண்டுபோன முறையும் கங்காணியின் கடனும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் அங்கே பாக்கு நீரிணை இல்லை, இலங்கைக்கு வருவோரைத் தடுத்து வைத்துச் சோதித்த மண்டபம் முகாம் இல்லை, 1948 இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஆவணப்படம்: யார் காசு, யார் குரல்

ஆவணப்படத்தில் பொய் சொல்வது சுலபம், ஏனென்றால் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் வாசிகசாலையில் நான் இதைச் சொல்வதற்கு எப்போதும் போட்டுக் காட்டும் படம் 'சோங் ஒஃப் சிலோன்'. 1934, பசில் ரைட் இயக்கியது, ஏறக்குறைய நாற்பது நிமிடம், இணையத்தில் கிடைக்கிறது. அழகென்றால் அப்படி ஒரு அழகு. படம் முடிந்ததும் இரண்டு விஷயம் கேட்பேன்.

முதல் கேள்வி, இதற்கு யார் காசு கொடுத்தார்கள்? இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலை விற்க வேண்டும் என்று நினைத்தவர்கள். அப்படியென்றால் கொழுந்து எடுக்கும் கைகள் படத்தில் வரலாம், அந்தக் கைகளுக்குரியவர் வாய் திறந்து சம்பளம் பற்றிப் பேச மாட்டார். மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள், யார் பேசுகிறார்கள், யார் வெறுமனே அசைகிறார்கள் என்று.

இரண்டாவது, நீங்கள் கேட்ட குரல் எந்தக் காலத்தது? வாசித்தவர் லயனல் வென்ட், 1930களின் கொழும்புக்காரர். ஆனால் அவர் வாசித்த வார்த்தைகள் பல ரொபர்ட் நொக்ஸுடையவை. முன்னால் சொன்ன அதே கைதி. படத்துக்கும் சொல்லுக்கும் இடையே 250 வருடம்! நொக்ஸ் இந்த மலையில் ஒரு தேயிலைச் செடியைக் கண்டதில்லை, நம்மவர் ஒருவரும் அப்போது இங்கே வந்திருக்கவில்லை. காலமே மாறாத ஒரு தீவு என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் உட்காருவது இப்படித்தான். படத்தை வெறுக்கச் சொல்லவில்லை. நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

இதே இரண்டு கேள்வியோடு எந்தப் படத்துக்கும் போகலாம். 1973இல் வந்த 'த வேர்ல்ட் அட் வோர்' 26 பாகம். இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். கென் பேர்ன்ஸும் லின் நோவிக்கும் எடுத்த 'த வியட்னாம் வோர்' 10 பாகம். அமெரிக்கச் சிப்பாயும் வியட்நாமின் இரண்டு பக்கச் சிப்பாய்களும் ஒரே போரைச் சொல்வதைக் கேட்கலாம். மைக்கல் வூட்டின் 'த ஸ்டோரி ஒஃப் இந்தியா' 6 பாகம், நடந்துகொண்டே சொல்பவர், குடும்பமாக உட்கார்ந்து பார்க்க ஏற்றது. பீட்டர் ஜாக்சனின் 'தே ஷால் நொட் க்ரோ ஓல்ட்' முதலாம் உலகப் போரின் படச்சுருளுக்கு நிறம் பூசியது. பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். அந்த நிறமும் சத்தமும் 2018இல் சேர்த்தவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

பிரிட்டிஷ் பாதே நிறுவனம் 2014இல் தன் பழைய செய்திப்படங்கள் 85,000ஐ யூடியூபில் ஏற்றியது. அங்கே சிலோன் என்று தட்டினால் ஒரு மழை நாள் முழுக்கப் போய்விடும். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடம்தான், வர்ணனைதான் சகிக்காது. சத்தத்தைக் குறைத்துவிட்டு உடுப்பை, கூடையை, வீதியைப் பாருங்கள். ஒருநாள் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மாவுக்குப் போனில் ஒரு துண்டைக் காட்டினேன். "கங்காணியைப் பாரு தம்பி, கோட்டு போட்டிருக்கான். கீழ ஒன்னும் இல்ல, வெறுங்காலு" என்றார். நான் நாலு முறை பார்த்தும் அது கண்ணில் படவில்லை.

யூடியூபில் தமிழில் "மறைக்கப்பட்ட வரலாறு" என்று ஆயிரம் உண்டு. மறைத்தது யார், கண்டுபிடித்தது யார் என்று சொல்லாத காணொளியை நான் பார்ப்பதில்லை. இப்போது கணினியே வரைந்த "பழைய போட்டோ"க்களும் வந்துவிட்டன. சந்தேகம் வந்தால் ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். உண்மையான பழைய படம் என்றால் ஏதாவது அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ அதன் தாய் வீடு பெரும்பாலும் தெரியவரும். படத்தில் இருப்பவரின் விரல்களையும் எண்ணிப் பாருங்கள், கணினி அதில் பிழைவிடலாம். தானாக வரும் தமிழ் வசன வரிகளில் ஊர்ப் பெயர்களைக் கண்டபடி எழுதும், அதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டாம். டேட்டா பற்றி: காணொளியின் தரத்தை 360இல் வைத்து இரவில் இறக்கிவிடுங்கள், முகங்கள் தெரிய அது போதும்.

வாசித்த இடத்துக்குப் போங்கள்

ஒரு நூலுக்கு ஒரு இடம் என்று நான் பழக்கிக்கொண்டிருக்கிறேன். நாம் இருக்கும் இடம் அதற்குத் தோது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றையே தேயிலை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே இயந்திரங்களும் துரைமாரும்தான் அதிகம். அதைப் பார்த்துவிட்டுக் கம்பளைப் பக்கம் லயக் காம்பராக்களில் அமைத்திருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். ஒரே வரலாற்றின் இரண்டு புத்தகத்தை ஒரே நாளில் வாசித்த மாதிரி இருக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனால் தேரை மட்டும் பார்த்துவிட்டு வராமல், வடக்கே போகும் வீதியையும் கொஞ்சம் நின்று பாருங்கள். நம்மவர் வந்து 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து அந்த வழியாகத்தான் நடந்தே வந்தார்கள்.

பாதிக் கதை நீலகிரியில் கிடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 1964 ஒப்பந்தத்தில் போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. உங்கள் சொந்தக்காரர் யாராவது கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருந்தால் ஒரு வட்ஸ்அப் அழைப்பு எடுத்து, கப்பல் ஏறிய நாளைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "சும்மா பேசுங்க மாமா" என்று ஆரம்பித்தால் பேச மாட்டார்கள். "பெட்டியில என்ன எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டால் நிறுத்த மாட்டார்கள்.

அந்தப் பையன் இப்போது லூல்கந்துர போக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறான். டெய்லரின் குடிசை இருந்த இடமும், அவர் உட்கார்ந்து பார்ப்பாராம் என்று காட்டும் கல் ஆசனமும் அங்கே இருக்கின்றன. நீங்களும் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி ஏறினால் கல்லில் உட்காரலாம், பார்க்க ஒன்றும் இருக்காது.